இலவசக் கல்விக்கு ரீலோட் யார் போடுவது?



சென்ற மாதம் சந்தா சேர்ப்பதற்காகத் தோட்டக் குடியிருப்புப் பக்கம் போயிருந்தோம். வாசலில் கொப்பரா காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு தாய் எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். சம்பளத்தைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தோம். அவர் கேட்டது வேறு.

"டீச்சர், பாடம் பள்ளிக்கூடத்தில சொல்லித் தாறதா, போன்ல சொல்லித் தாறதா?"

அவருடைய மகள் எட்டாம் தரத்தில் படிக்கிறாள். முந்திய நாள் இரவு ஏழு மணிக்கு வகுப்பு வட்ஸ்அப் குழுவில் கணிதப் பயிற்சி ஒன்று வந்திருக்கிறது. ஒன்பது மணிக்கு முன் செய்து, படம் பிடித்து, அதே குழுவில் போட வேண்டும். வீட்டில் இருப்பது ஒரேயொரு போன். அது தகப்பனிடம். அவர் தோட்டத்தில் இரவுக் காவல். காலையில் வகுப்புக்குப் போன பிறகுதான் அப்படியொரு பயிற்சி வந்ததே பிள்ளைக்குத் தெரியும். செய்யாதவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்றதும் எழுந்து நின்றிருக்கிறாள்.

"போன் அவருக்கிட்ட காட்டில இரிக்கி. பாடம் போன்ல இரிக்கி. புள்ள என்ன செய்யும்?" என்றார் அந்தத் தாய்.

எங்களிடம் பதில் இல்லை. வெட்கமும் வந்தது. ஏனென்றால் சங்க வேலை செய்கிற எங்களில் சிலர் ஆசிரியர்கள். நாங்களும் இரவில் குழுவில் பாடம் போட்டவர்கள்தான். 'பார்த்தேன்' என்று நீலக் கோடு காட்டாத பெற்றோரை அக்கறையில்லாதவர்கள் என்று மனத்துக்குள் சொன்னவர்கள்தான். ஆகவே இந்தப் பத்தியை மற்றவர்கள்மேல் குற்றம் சுமத்துவதற்காக எழுதவில்லை. நமது பிள்ளைகளின் படிப்பில் சத்தமில்லாமல் நடந்துவிட்ட ஒரு மாற்றத்தைச் சங்கத்தின் முன் வைக்க எழுதுகிறோம்.

எப்படித் தொடங்கியது?

2020 மார்ச்சில் கொரோனாவினால் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. பல மாதங்கள் திறப்பதும் மூடுவதுமாக 2021 முடியும்வரை இழுபட்டது. கல்வி அமைச்சு 'ஈ-தக்சலாவ' இணையத்தளத்தில் பாடங்களை ஏற்றியது. 'குரு கெதர' என்ற பெயரில் தொலைக்காட்சிப் பாடம் நடந்தது. தமிழில் அது நேத்ரா அலைவரிசையில் வந்தது. ஆனால் நடைமுறையில் பாடசாலை இயங்கியது வட்ஸ்அப்பில்தான். ஆசிரியர் கையால் எழுதிய குறிப்பைப் படம் பிடித்து அனுப்பினார், பிள்ளை கொப்பியில் எழுதித் திருப்பி அனுப்பியது. வசதியுள்ள பாடசாலைகள் ஸூம் வகுப்பு நடத்தின.

அந்த நாட்களில் வெளிவந்த இரண்டு படங்கள் பலருக்கு நினைவிருக்கும். செங்கலடியில் இருந்து புறப்படும் நமது பதுளை வீதி லுணுகலை வழியாகத்தான் மேலே ஏறுகிறது. அந்த லுணுகலைப் பகுதியில் பிள்ளைகள் காட்டு மரமொன்றில் கட்டிய பரணில் ஏறிச் சிக்னல் பிடித்துப் படித்தார்கள். போஹிட்டியாவ என்ற கிராமத்தில் ஓர் ஆசிரியையும் மாணவர்களும் காட்டு வழியே நடந்து மலைப்பாறையொன்றின் உச்சிக்குப் போய்ப் பாடம் நடத்தினார்கள். 2021 இல் உலகப் பத்திரிகைகள் அந்தப் படங்களைப் போட்டு அவர்களின் விடாமுயற்சியைப் பாராட்டின. பாராட்டு சரிதான். ஆனால் பிள்ளைகள் பாடம் கேட்க மரமேற வேண்டியிருந்தது யாருடைய தவறு என்று அந்தச் செய்திகள் அதிகம் கேட்கவில்லை.

அதே ஆண்டு ஜூலை 12 இல் ஆசிரியர், அதிபர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலில் இருந்து விலகின. அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னர் பாராளுமன்றச் சுற்றாடலில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உட்படப் பலர் கைது செய்யப்பட்டு, தனிமைப்படுத்தல் என்ற பெயரில் முல்லைத்தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்தக் கோபத்தோடு நீண்டகாலச் சம்பள முரண்பாடும் சேர்ந்து, போராட்டம் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தது. அதுவரையும் ஆசிரியர்கள் தம் சொந்தப் போனில், சொந்த ரீலோட்டில்தான் அரசின் பாடசாலையை நடத்தியிருந்தார்கள். போராட்டம் நியாயமானது என்றே இன்றும் சொல்கிறோம். ஆனால் அந்த மாதங்களில் சில பெற்றோர் எங்களோடு கோபப்பட்டார்கள். அவர்களின் கோபத்திலும் நியாயம் இருந்தது. போனும் இல்லாத, ஆசிரியரும் இல்லாத பிள்ளைகள்தான் அதிகம் இழந்தார்கள்.

பாடசாலை திறந்தது, போன் திரும்பிப் போகவில்லை

நெருக்கடி முடிந்தால் வட்ஸ்அப் குழுவும் முடிந்துவிடும் என்று நினைத்தோம். முடியவில்லை. 2022 இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டபோது மறுபடியும் போன். மார்கழி மாரியில் படுவான்கரை வீதிகளில் வெள்ளம் ஏறினால் மறுபடியும் போன். பிறகு காரணம் இல்லாமலே போன். வீட்டுப்பாடம், பரீட்சை நேரசூசி, காசு கொண்டுவரச் சொல்லும் அறிவித்தல், நாளை பாடசாலை உண்டா இல்லையா என்ற செய்தி எல்லாம் அதில்தான் வருகின்றன. குழுவில் இல்லாத பெற்றோர் பாடசாலையில் இல்லாத பெற்றோர் போல ஆகிவிட்டார்.

விதி என்னவென்றால் மாணவர் பாடசாலைக்குப் போன் கொண்டுவரக் கூடாது. நடப்பு என்னவென்றால் மாணவரிடம் போன் இல்லாவிட்டால் பாடம் பின்தங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நமது பிள்ளைகள் நிற்கிறார்கள்.

வந்த நன்மையை மறைக்க வேண்டாம்

போனைத் திட்டித் தீர்ப்பது சுலபம். ஆனால் தொழிலாளர் பத்திரிகை உண்மையை எழுத வேண்டும். நன்மையும் வந்திருக்கிறது.

கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் கிடைக்காத பாடசாலைகள் நமது பக்கத்தில் எப்போதும் இருந்தன. நகரத்துப் பாடசாலைக்கு விரும்பி வரும் ஆசிரியர், தோட்டத்துக்கும் எல்லைக் கிராமத்துக்கும் வந்தால் மாற்றம் கேட்பார். அப்படியான இடத்தில் சாதாரண தரம் எழுதும் ஒரு பிள்ளை இன்று யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கும் நல்ல ஆசிரியர் ஒருவர் இருபடிச் சமன்பாட்டை விளக்குவதை யூடியூப்பில் பார்க்கலாம். விளங்காவிட்டால் நிறுத்தி மறுபடியும் பார்க்கலாம். வகுப்பில் கை உயர்த்தக் கூச்சப்படும் பிள்ளைக்கு அது பெரிய காரியம். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் ஒட்சிசன் தயாரிக்கும் பரிசோதனையை ஒரு தடவையாவது கண்ணால் காட்ட முடிகிறது. கடந்தகால வினாத்தாள் வாங்க நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

எங்கள் மூத்தவர்கள் பலர் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர்கள். அவர்களுக்கு இப்படி ஒரு வாசல் திறந்திருந்தால் இன்று நமது வாழ்க்கை வேறாக இருந்திருக்கும். ஆகவே வாசலை மூடச் சொல்ல நாங்கள் வரவில்லை.

வகுப்பில் நாங்கள் காண்பது

ஆனால் அந்த வாசலால் வேறு பலவும் உள்ளே வருகின்றன. ஒரு சம்பவம் சொல்கிறோம். 'எனக்குப் பிடித்த இடம்' என்று கட்டுரை எழுதச் சொன்னோம். பிள்ளைகள் வாவிக் கரையில் வளர்கிறவர்கள். கண்டல் மரத்து வேருக்குள் நண்டு ஒளிவதையும் மாலையில் வலை இழுப்பதையும் தினமும் பார்க்கிறவர்கள். அடுத்த நாள் வந்த கட்டுரைகளில் பல, மெரினாக் கடற்கரையைப் பற்றியவை. ஒரே வசனங்கள், ஒரே ஒழுங்கு. யாரோ இந்தியாவில் எழுதி இணையத்தில் போட்டதை வீட்டுக்கு வீடு பார்த்து எழுதியிருந்தார்கள். இப்போது அதற்குக் கூடத் தேடத் தேவையில்லை. வட்ஸ்அப்பிலேயே செயற்கை நுண்ணறிவு இருக்கிறது, கேட்டால் கட்டுரையை எழுதியே கொடுக்கும்.

எழுதியவர்களில் ஒரு பையனைக் கூப்பிட்டு, கொப்பியை மூடி வைத்துவிட்டு, "உங்க அப்பா தேங்காய் பறிக்கிறத எனக்குச் சொல்லு" என்றோம். அவன் பத்து நிமிடம் சொன்னான். எந்தக் குலை முற்றியது என்று தட்டிப் பார்க்காமலே அப்பாவுக்கு எப்படித் தெரியும், காற்றடிக்கும் நாளில் ஏன் மரம் ஏறக் கூடாது, உரிக்கும் அலவாங்கில் கை வைக்கும் இடம் எது என்று எல்லாம் சொன்னான். அதில் அவதானிப்பு இருந்தது, ஒழுங்கு இருந்தது, நல்ல தமிழும் இருந்தது. அதை எழுதலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. போனில் இருப்பதுதான் படிப்பு, தன்னிடம் இருப்பது படிப்பு அல்ல என்று அவன் நம்பியிருந்தான். இதுதான் எங்களை அதிகம் பயமுறுத்துகிறது.

மற்றவையும் உண்டு. பலகையைப் பார்த்து எழுதும் பழக்கம் குறைகிறது. "குழுவில போடுங்க டீச்சர்" என்கிறார்கள். எழுதும்போது கையோடு மனமும் ஓடும், படம் பிடிக்கும்போது ஓடுவதில்லை. இரவு பதினொரு மணிவரை டிக்டொக் பார்த்த பிள்ளை முதலாம் பாடத்திலேயே மேசையில் தலை வைக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களுக்குப் பழகிய கண், ஒரு பக்கம் உரைநடையை வாசிக்கச் சொன்னால் தவிக்கிறது. பெண் பிள்ளைகளின் படங்களை எடுத்துத் திரித்துப் பரப்புவதும், அதற்குப் பயந்து பிள்ளை பாடசாலைக்கு வராமல் நிற்பதும், விஷயம் வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று வீட்டில் மூடி மறைப்பதும் நமது ஊர்களுக்குள்ளேயே நடக்கின்றன.

யார் பணம் கட்டுகிறார்கள்?

இப்போது சங்கத்துக்கு நேரடியாக உரிய கேள்விக்கு வருவோம்.

தேயிலை, இறப்பர்த் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தது. அதைப் பெறுவதற்கே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அந்தச் சம்பளம் முழுதாகக் கைக்கு வந்திருந்தால்கூட, 20,000 ரூபாய்ப் போன் ஒன்று அன்று இருபது நாள் உழைப்பாக இருந்தது. தென்னையிலும் கஜுவிலும் வேலை கிடைக்கும் நாளுக்கு மட்டும் கூலி வாங்கும் நமது குடும்பங்களுக்கு அது இன்னும் அதிகம். 2022 இல் ரூபாயின் பெறுமதி விழுந்தபோது போனின் விலை ஏறியது. அதே ஆண்டு செப்டெம்பரில் தொலைத்தொடர்புக் கட்டணங்கள் 20 வீதம் உயர்ந்தன. நமது சம்பளத்தை அந்த வேகத்தில் யாரும் உயர்த்தவில்லை.

கணினியைப் பற்றிப் பேசவே வேண்டாம். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கில், நாடு முழுவதிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி உண்டு. தோட்டத்துறையில் அது அதைவிட மிகக் குறைவு. ஆகவே நமக்கு இணையம் என்றால் போன், போன் என்றால் கடன். வீட்டுக்கு வீடு கிழமைக் கடன்காரர் வரும் நமது மாவட்டத்தில், பிள்ளையின் படிப்புக்கென்று இன்னொரு கடன் எடுத்துப் போன் வாங்கிய தாய்மார் எத்தனை பேர் என்று கிளைக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். மூன்று பிள்ளைகள் மூன்று தரங்களில் படித்தால் மூன்று குழுக்கள், ஒரு போன். பெரும்பாலும் அது ஆண் பிள்ளையின் கைக்கே முதலில் போகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில் இந்த நாட்டில் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் இல்லை என்றால் மட்டும் போதாது, புத்தகம் வாங்க முடியாத பிள்ளைக்கு அது இலவசம் ஆகாது என்பதால் 1980 முதல் பாடநூல் இலவசமாகக் கிடைத்தது. உடுக்கச் சட்டை இல்லாமல் பிள்ளை வராது என்பதால் 1993 முதல் சீருடைத் துணி கிடைத்தது. படிப்புக்கு எது கட்டாயமோ அதை அரசு தர வேண்டும் என்பதுதான் அந்த வரலாறு சொல்லும் பாடம். இன்று பாடம் போனில் வருகிறது என்றால், அந்தப் பட்டியலில் அடுத்த வரி என்ன? டேட்டாவைத் தொழிலாளியின் தலையில் கட்டிவிட்டு இலவசக் கல்வி என்று பேசுவது சரியா?

இந்தப் பட்டியலில் தோட்டப் பிள்ளைகள் எப்போதும் கடைசியில் சேர்க்கப்பட்டவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 1920 ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டது. ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை, சில வகுப்புகள் என்று அது நின்றது. நாட்டுக்கு இலவசக் கல்வி வந்து ஒரு தலைமுறை கழிந்து, 1970களின் பிற்பகுதியில்தான் அரசு தோட்டப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்குப் பயந்து மலையகத்தை விட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் நமது சங்கத்திலும் இருக்கிறார்கள். அந்தக் கொட்டகைப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒருமுறை முப்பது வருடம் பிந்தினோம். மறுபடியும் பிந்த முடியாது.

மண்முனையில் பாலம் கட்டியது யார்?

"இது நவீன காலம், எல்லாரும் போன் வாங்கத்தானே வேண்டும்" என்பவர்களுக்கு வாவிக் கரைக்காரரான நாம் ஒன்று சொல்லலாம். மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கும்வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து எழுவான்கரைக்கு வர நாம் படகுப் பாதைக்குக் காத்துக் கிடந்தோம். காற்றும் மழையும் வந்தால் அதுவும் இல்லை. குருமண்வெளி, மண்டூர்த் துறையில் காத்து நின்று பாடசாலைக்குப் போன ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அக்கரைக்குப் போக வேண்டுமானால் குடும்பத்துக்கு ஒரு தோணி வாங்கு என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பாலம் வேண்டும் என்று கேட்டோம், ஜப்பானின் நன்கொடை உதவியோடு எல்லாருக்கும் பொதுவான பாலம் வந்தது. இணையமும் அப்படித்தான். வீட்டுக்கு வீடு தோணி வாங்கச் சொல்லும் கல்விமுறை வேண்டாம். ஊருக்கு ஒரு பாலம் வேண்டும்.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்?

2023 இல் யுனெஸ்கோ நிறுவனம் கல்வியில் தொழில்நுட்பம் பற்றி ஓர் உலக அறிக்கை வெளியிட்டது. அந்தக் கருவி யாருடைய நிபந்தனையில் நடக்கிறது என்பதே அதன் தலைப்பிலுள்ள கேள்வி. தொழிற்சங்கக்காரருக்கு இதைவிடப் பழக்கமான கேள்வி இல்லை. அதே காலத்தில் சுவீடன் வகுப்பறைக்கு அச்சுப் புத்தகத்தைத் திரும்பக் கொண்டுவரப் பணம் ஒதுக்கியது. 2024 ஜனவரியில் இருந்து நெதர்லாந்தில் வகுப்புக்குள் போன் கூடாது. 2025 டிசம்பர் 10 முதல் அவுஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. இவற்றைக் காட்டி இங்கேயும் தடை போடு என்று சிலர் கேட்கிறார்கள். ஆனால் அந்த நாடுகளின் பாடசாலைகளில் நூலகமும் கணினியும் ஆய்வுகூடமும் ஏற்கனவே இருக்கின்றன. நமது பிள்ளையிடமிருந்து போனைப் பறித்தால் அதன் கையில் மிஞ்சுவது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும்.

நமக்குப் பக்கத்தில் நடந்தவை இன்னும் பொருத்தமானவை. கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்று தொலைக்காட்சி வழியாக வகுப்புகள் தொடங்கின. அன்றே மலப்புரம் மாவட்டத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் மகள், வீட்டுத் தொலைக்காட்சி பழுதாகிக் கிடந்த நிலையில், வகுப்பைப் பார்க்க முடியாத வேதனையில் உயிரை விட்டாள். நாடே குலுங்கியது. அதன் பிறகு உள்ளூராட்சி மன்றங்களும் ஆசிரியர் சங்கங்களும் இளைஞர் அமைப்புகளும் ஓடியாடித் தொலைக்காட்சிகளைச் சேர்த்து, நூலகங்களிலும் பொது மண்டபங்களிலும் பிள்ளைகள் சேர்ந்திருந்து படிக்க இடம் செய்தார்கள். அதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு பிள்ளை மிஞ்சியிருப்பாள். தமிழ்நாட்டில் 2021 ஒக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு மாலையில் ஊர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், வீட்டுக்குப் பக்கத்திலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். போனால் விழுந்த பள்ளத்தை ஆட்களைக் கொண்டு நிரப்பினார்கள்.

சங்கம் கேட்க வேண்டியவை

இவற்றை வைத்து, வரும் கிளைக் கூட்டங்களில் பேசித் தீர்மானிக்க ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

1. போனில் அனுப்பிய வேலையைச் செய்யவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் தண்டிக்கவோ புள்ளி குறைக்கவோ கூடாது. மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களிலும் இதை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

2. குழுவில் போடும் ஒவ்வொரு பயிற்சியும் வகுப்பிலும் சொல்லப்பட வேண்டும், பாடநூலின் பக்கமும் பயிற்சி இலக்கமும் சேர்த்துக் குறிக்கப்பட வேண்டும். அப்போது போன் இல்லாத பிள்ளை புத்தகத்தைத் திறந்தே செய்யும். மாலை ஆறு மணிக்குப் பிறகு, மறுநாளுக்கென்று புதிய வேலை கொடுக்கக் கூடாது. இது ஆசிரியரின் ஓய்வு நேரத்தையும் காக்கும்.

3. 2020 இல் ஈ-தக்சலாவவையும் பல்கலைக்கழக வகுப்புகளையும் டேட்டாக் கட்டணம் இல்லாமல் பார்க்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வழி செய்தன. முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அந்த வசதி நிரந்தரமாக வேண்டும். ஆசிரியர் கற்பித்தலுக்குச் செலவிடும் டேட்டாவுக்கு அரசு கொடுப்பனவு தர வேண்டும்.

4. தோட்டத்துக்கு ஒரு மாலைப் படிப்பு மண்டபம். இணைப்பு ஒன்று, பெரிய திரை ஒன்று, மேசைகள், நல்ல வெளிச்சம், பொறுப்பாக ஒருவர். தோட்ட அலுவலகத்துக்கு இணைப்பு இருக்குமானால் பக்கத்து மண்டபத்துக்கும் அதை நீட்ட முடியும். இதைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். நிர்வாகம் இழுத்தடித்தால், கோயில் மண்டபத்திலோ சங்க அலுவலகத்திலோ சந்தாப் பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு நாமே தொடங்கலாம். இருபது வீட்டுக்காரர் தனித்தனியே போடும் ரீலோட்டைவிட ஒரு பொது இணைப்பு மலிவு.

5. ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்ப வேண்டும். யூடியூப் இருக்கிறது என்பது கணித ஆசிரியரை அனுப்பாமல் விடுவதற்குச் சாட்டு ஆகிவிடக் கூடாது. பிள்ளை தவறாக எழுதும்போது வீடியோ அதைப் பார்ப்பதில்லை. "எங்க பிழை விட்டாய், காட்டு" என்று பக்கத்தில் வந்து குனிவது ஆசிரியர் மட்டுமே.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

எல்லாவற்றையும் அரசிடமும் நிர்வாகத்திடமும் விட்டுவிட முடியாது. வீட்டில் நாமும் சில பழக்கங்களைத் தொடங்கலாம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனை ஓர் இடத்தில், எல்லாரும் காணும்படி சார்ஜில் போடுங்கள். பெரியவர்களின் போனும் அதே இடத்தில் இருக்கட்டும். நாம் பார்த்துக்கொண்டே பிள்ளையைப் பார்க்காதே என்றால் அது கேட்காது. வீட்டில் ஒரே போன் என்றால் மகளுக்கும் மகனுக்கும் நேரத்தைச் சமமாகப் பிரியுங்கள்.

"எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது, நான் என்னத்தப் பாக்கிறது" என்று பல தாய்மார் சொல்கிறார்கள். வாசிக்கத் தேவையில்லை. "இன்றைக்கு என்ன படிச்சாய் புள்ள, எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லு" என்று கேளுங்கள். படித்த பிள்ளை சொல்லும். பார்த்து எழுதிய பிள்ளை தடுமாறும். எந்த ஆசிரியரும் வைக்கும் பரீட்சையைவிட இது நல்ல பரீட்சை. உங்கள் தொழிலைப் பற்றியும் பிள்ளையோடு பேசுங்கள். அதுவும் அறிவுதான் என்று பிள்ளைக்குத் தெரியட்டும்.

பிள்ளையின் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பிள்ளையை அடிக்காதீர்கள், போனைப் பறித்து உடைக்காதீர்கள். பிழை மிரட்டியவனுடையது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். தனியே பேசத் தயக்கம் என்றால் சங்கத்தின் மகளிர் பிரிவுத் தோழியரில் ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒன்று. நீண்ட வீடியோவுக்குப் பதில் ஒரு சிறு குரல் பதிவு அனுப்புங்கள். டேட்டா குறைவாகவே போகும், எழுத்தறியாத தாயும் கேட்பார். குழுவில் இல்லாத பிள்ளைகளின் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் அந்தப் பெயர்களைக் கூப்பிடுங்கள்.

கொப்பரா காயப்போட்ட அந்தத் தாயின் மகளைப் பிறகு பாடசாலை வாசலில் கண்டோம். அந்தக் கணக்கைச் செய்துவிட்டாயா என்று கேட்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துக் கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டு வந்து, தானே செய்ததாகச் சொன்னாள். கொப்பியை எடுத்துக் காட்டினாள். ஐந்தில் நான்கு சரி. ஐந்தாவதை வாசல் மதகில் உட்கார்ந்து சேர்ந்து செய்தோம். அதற்கு ரீலோட் தேவைப்படவில்லை. ஒரு பென்சிலும் பத்து நிமிடமும் தேவைப்பட்டன.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பத்து நிமிடம் கிடைக்க வேண்டும். கூடவே உலகத்தைத் திறந்து பார்க்கும் இணைப்பும் கிடைக்க வேண்டும். இரண்டுக்கும் தகப்பனின் நாட்கூலியில் இருந்து காசு வெட்டக் கூடாது. அடுத்த கிளைக் கூட்டத்துக்குத் தாய்மார் கட்டாயம் வாருங்கள். சம்பளத்தைப் பற்றிப் பேசும் அதே மேசையில் இதையும் பேசுவோம்.